தோழி எங்கே?

கேள்வி: தேவாலயக் கல்யாணங்களில் மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒரே நிறத்தில் உடுத்தி வரும் தோழிகள், பேயை ஏமாற்றத்தான் முதலில் வந்தார்களாமே? இப்போது இந்துக் கல்யாண மேடைகளிலும் அப்படி நிற்கிறார்களே?
– வாசகி ஒருவர், நாகர்கோவில்

பதில்: பேய்க்கதையை நானும் கேட்டிருக்கிறேன், நம்பவில்லை. தேதியோடு சொல்லக்கூடியது 1840 பிப்ரவரி 10. அன்று விக்டோரியா மகாராணியின் கல்யாண உடை 18 அடி நீளத்துக்குப் பின்னால் இழுபட்டது. வெள்ளை உடுத்திய 12 பெண்கள் அதைத் தூக்கி வந்தார்கள்.

ஆனால் ‘தோழி’ என்று எழுதிவிட்டீர்களே, அந்தச் சொல்லை விட மனசு வரவில்லை. தொல்காப்பியம் அவளைச் செவிலியின், அதாவது தலைவியை வளர்த்த தாயின், மகள் என்கிறது. தலைவியோடு கூடவே வளர்ந்தவள். இரவில் வந்து போகும் தலைவனை மடக்கி, எப்போது கல்யாணம் என்று கேட்பவள் அவள்தான்; வரைவு கடாதல் என்று அதற்குப் பெயரே உண்டு. வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினால் செவிலியிடம் பக்குவமாக விஷயத்தை உடைப்பவளும் அவள்தான்.

சரி, கல்யாணத்தன்று அவள் எங்கே? அகநானூறு 86ஆம் பாட்டில் பந்தல் இருக்கிறது, புதுமணல் இருக்கிறது, உளுந்து போட்ட களி இருக்கிறது. மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துபவர்கள் பிள்ளை பெற்ற நான்கு பெண்கள். அந்தப் பாட்டே தலைவன் தோழியிடம் சொல்வதுதான். சடங்கில் மட்டும் அவளைக் காணோம். ரோமானியர்களும் மணமக்களின் வலக்கைகளைச் சேர்த்து வைக்க, ஒருவனை மட்டுமே மணந்த பெண்ணைத்தான் தேடினார்கள். கூட வளர்ந்ததற்கு மதிப்பில்லை. புருஷனை வைத்துத்தான் தகுதி.

இதை எத்தனை முறை எழுதினேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். இன்னும் எழுதுவேன். போன ஆவணியில் ஒரு கல்யாணம். பெண்ணுக்குக் கொசுவம் மடித்து, ஊக்கு குத்தி, பூ வைத்துவிட்டது ஒருத்தி. பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதி. ஆரத்தித் தட்டு வந்ததும் ஒரு அத்தை அவளிடம், “நீ பந்தியைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா” என்றார். அவள் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மிச்சமிருந்த நாலு ஊக்கை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிப் போனாள். மேலே ஆறு பெண்கள் ரோஜா நிறப் பட்டில் வரிசையாக நின்றார்கள். அதில் இரண்டு பேர் மணப்பெண்ணை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறார்கள்.

ஒரே நிறப் புடவை தாராளமாக எடுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. முதல் புடவையை அந்த ஊக்கு குத்தியவளுக்கு எடுங்கள். ஆரத்தித் தட்டையும் அவள் கையில் கொடுங்கள்.