சுல்தான்னா ராஜாவா?

கேள்வி: சுல்தான்னா அரபில ராஜான்னு தானே அர்த்தம்? அப்போ கலீஃபா, அமீர்னு எதுக்கு தனித்தனியா சொல்றாங்க? திப்பு சுல்தான்ல வர்ற சுல்தான் பட்டமா, பேரா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: அரபில ராஜாவுக்கு மலிக்னு தனியா ஒரு சொல் இருக்குங்க. சுல்தான்ங்கறது முதல்ல ஒரு ஆளையே குறிக்கல, அதிகாரம், சான்று இதுதான் அர்த்தம். குர்ஆன்ல ஹூது அத்தியாயத்துல மூஸா நபியை எகிப்து ராஜா ஃபிர்அவ்ன்கிட்ட அனுப்பினதா சொல்ற இடத்துல 'சுல்தான் முபீன்'னு வருது, அதாவது தெளிவான சான்று. கவனிச்சு பாருங்க, அங்க நாட்டை ஆள்றது ஃபிர்அவ்ன், ஆனா சுல்தான்ங்கற சொல் வர்றது மூஸா நபி கொண்டு போனதுக்கு!

ஆளுக்கு பட்டமா மாறினது பாக்தாத்ல கலீஃபா கை தளர்ந்ததாலதான். கலீஃபான்னா நபிக்கு அப்புறம் அவர் இடத்துல இருந்து சமூகத்தை நடத்தறவர், அமீர்னா அவருக்கு கீழ படையையோ மாகாணத்தையோ பாத்துக்கறவர், இதுதான் பழைய ஏற்பாடு. 945ல புவைஹிகள்ங்கற ஈரானிய வம்சத்தார் பாக்தாத்த பிடிச்சதுல இருந்து கலீஃபா பேருக்குத்தான் மேல, படையும் வரியும் அவங்க கைக்கு போயிடுச்சு. 1055ல செல்ஜுக் துருக்கியர் தலைவர் துக்ரில் பெக் உள்ள வந்து அவங்கள விரட்டினாரு, ஜும்மா குத்பால, அதாவது வெள்ளிக்கிழமை தொழுகை பிரசங்கத்துல, கலீஃபா பேரோட இவர் பேரையும் சேர்த்து வாசிச்சாங்க. கஜினி முகமதுதான் முதல் சுல்தான்னு நிறைய பேர் சொல்றாங்க, ஆனா காசுல அதை முறையான பட்டமா பொறிச்ச வகையில துக்ரில் பெக்கைத்தான் நான் முதல்ல வைப்பேன், ஏன்னா அந்த காலத்துல குத்பாலயும் காசுலயும் யார் பேர் இருக்கோ அவங்கதான் ஆட்சி.

அதுக்காக கலீஃபா வேண்டாம்னு யாரும் ஒதுக்கிடல. டெல்லி சுல்தான் இல்துத்மிஷ் தன் வாளாலயே ஜெயிச்சவர்தான், அவருக்கும் 1229ல பாக்தாத் கலீஃபாகிட்ட இருந்து அங்கீகாரமும் அங்கியும் வந்துச்சு, அது அவ்ளோ பெரிய கௌரவம்.

திப்பு விஷயம் வேற. ஆற்காட்டுல அடங்கியிருக்கற திப்பு மஸ்தான் அவுலியாங்கற இறைநேசர் நினைவா வச்ச பேரு அது, கூட இருக்கற சுல்தானும் பேர்லயே சேர்ந்தது. 1782ல ஐதர் அலி இறந்து இவர் ஆட்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே அவர் திப்பு சுல்தான்தான்.