ஓட்டுநர் பக்கம்: கேள்வி பதில்

கேள்வி: 1956 மாடல் மோரிஸ் மைனர் கார் வாங்கியிருக்கிறேன். பல வருஷம் ஷெட்டில் நின்ற வண்டி. புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்யலாமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: அவசரப்படாதீங்க தம்பி! நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்க. காலையில் கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்க. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே பிடிக்கணும். ஹேண்டில் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போயிடும். சுற்றவில்லையா, மறுபடி ஊறட்டும். முரட்டுத்தனம் வேண்டாம்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். வடித்துவிட்டு, ரப்பர் ஹோஸ் எல்லாம் மாற்றுங்க. இப்போதைய எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் தேடுங்க.

பேட்டரியில் ஒரு விஷயம். இந்த மாடலில் பாடிக்குப் போவது, இப்போதைய கார்கள் மாதிரி நெகட்டிவ் இல்லை, பாசிட்டிவ். யாராவது இடையில் மாற்றியிருக்கலாம், வயரைப் பார்க்காமல் மாட்டாதீங்க.

இன்ஜின் ஓடிவிட்டால் உடனே பீச் ரோடுக்குக் கிளம்பத் தோணும். ஆனால் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) டிரைவர் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும். மழைத்தண்ணி, துரு எல்லாம் அங்கேதான். அதைப் பிரித்துப் பார்க்காமல் தெருமுனைகூடத் தாண்டாதீங்க.