சுவர் இடிந்த பிறகும்

கேள்வி: ஜெர்மனி 1990-ல் ஒன்றாகிவிட்டது. கிழக்குப் பகுதிக்காரர்கள் இன்னும் 'அரசே பார்த்துக்கொள்ளட்டும்' என்பது ஏழ்மையாலா?

பதில்: ஏழ்மை பாதிக்கதைகூட இல்லை. பொருளாதார அறிஞர்கள் ஆல்பெர்ட்டோ அலெசினாவும் நிக்கோலா ஃபுக்ஸ்-ஷுண்டெல்னும் ஜெர்மனியின் 1997, 2002-ம் ஆண்டுக் குடும்பக் கணக்கெடுப்புகளை அலசினார்கள். வேலை போனால், நோய் வந்தால், வயதானால் யார் பொறுப்பு, அரசா தனிமனிதரா என்பதுதான் கேள்வி. ஒரே அளவு வருமானம் உள்ளவர்களை ஒப்பிட்டபோதும், மேற்கத்தியரைவிடக் கிழக்கத்தியரே அரசுப் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். மூத்தவர்களிடம் சாய்வு இன்னும் அதிகம். கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் அவர்கள் வாழ்ந்த வருடங்கள் கூடுதல் அல்லவா! வித்தியாசம் மறைய 20 முதல் 40 ஆண்டு ஆகும் என்று கணித்தார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1961-ல் பெர்லின் சுவர் எழுமுன் லட்சக்கணக்கானோர் மேற்கே போய்விட்டார்கள். ஆட்சி பிடிக்காதவர்களே கிளம்பியிருந்தால், தங்கியவர்களின் மனசை ஆட்சிதான் மாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது.