பச்சைக் குறி தெரிந்தால் போதுமா?

கேள்வி: மென்பொருள் கையேடுகள் எழுதும் பணியில் அண்மையில் சேர்ந்துள்ளேன். கோப்புகளில் பலரும் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் டார்ட்டாய்ஸ் எஸ்விஎன் என்ற மென்பொருள் வழியாக அவற்றைக் கையாள்கிறோம். என் கோப்பின் மேல் பச்சைக் குறி இருந்தும், சக ஊழியர் செய்த திருத்தம் அதில் இல்லையே, ஏன்? மற்றக் குறிகளின் பொருள் என்ன?
- வாசகி ஒருவர், அல்சூர், பெங்களூரு

பதில்: பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்தப் பச்சைக் குறியைத்தான். உங்கள் கணினியிலுள்ள பிரதி, சர்வரிலிருந்து நீங்கள் கடைசியாக இறக்கிய நிலையிலிருந்து மாறவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதன்பின் சர்வரில் மற்றவர்கள் சேர்த்ததை அது அறியாது. எனவே, எழுதத் தொடங்குமுன் 'அப்டேட்' செய்து, அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள்.

சிவப்பு ஆச்சரியக்குறி மிரட்டினாலும் அது பிழையன்று. உங்கள் திருத்தம் இன்னும் 'கமிட்' ஆகவில்லை, அதாவது சர்வருக்கு அனுப்பப்படவில்லை, அவ்வளவே. நீலக் கூட்டல் குறி, சேர்ப்பதற்குக் குறித்துவைத்த புதிய கோப்பு. கேள்விக்குறி, இன்னும் சேர்க்கப்படாதது. கையேட்டுக்கான படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் விடுபட்டுப்போகின்றன. மஞ்சள் முக்கோணம் மட்டுமே உண்மையில் நிதானம் கோருவது: ஒரே பகுதியை இருவரும் மாற்றியிருப்பதால், கோப்பைத் திறந்து, இரு வடிவங்களையும் ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே 'ரிசால்வ்டு' (முரண் தீர்ந்தது) எனக் குறிக்க வேண்டும்.

சில குறிகள் தோன்றாமலும் போகலாம். விண்டோஸ் இத்தகைய குறிகளில் 15-ஐ மட்டுமே ஏற்பதால், ஒன்டிரைவ் போன்ற கோப்புச் சேமிப்புச் செயலிகளும் அந்த இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. அப்போது 'செக் ஃபார் மாடிஃபிகேஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள 'செக் ரெப்பாசிட்டரி' பொத்தானை அழுத்தினால், சக ஊழியரின் திருத்தமும் தெரியும்.