வால்வு ரேடியோவில் இரைச்சலும் மெழுகு வாசமும்: முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

அப்பப்பாவின் 1950களின் ரேடியோவை கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் நேரே பிளக்கில் போட்டதும் "ம்ம்ம்" என்ற இரைச்சல் மட்டும் வந்தது, பத்து நிமிடத்தில் மெழுகு உருகும் வாசமும் அடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனிப் போடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் அதே மாதிரி இன்னொன்று தேடுவது பெரும்பாடு.

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்துபோன ஃபில்டர் கண்டென்சர்கள் (மின்சாரத்தைச் சீராக்கும் பாகங்கள்). பழைய 32 மைக்ரோஃபராட்டுக்கு 33 அல்லது 47 மைக்ரோஃபராட், 450 வோல்ட் போடுங்கள். 47 மைக்ரோஃபராட்டுக்கு மேல் வேண்டாம். ஈஇசட்80 போன்ற ரெக்டிஃபயர் வால்வு (ஏசியை டிசியாக மாற்றும் வால்வு) 50 மைக்ரோஃபராட்டைத் தாங்கும், அவ்வளவுதான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாருங்கள். கை வைக்குமுன் பழைய ஃபில்டர் கண்டென்சர்களை 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரால் சில விநாடி டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பாருங்கள். 250 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

ஆனால் உண்மையான எமன், அவுட்புட் வால்வின் (ஸ்பீக்கரை இயக்கும் வால்வு) கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, போகும் சின்ன மெழுகுக் காகிதக் கண்டென்சர். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வு அளவுமீறி கரண்ட் இழுக்கும், டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். அதே மதிப்பில் 630 வோல்ட் பொலியெஸ்டர் போடுங்கள்.

பின்பக்க வோல்டேஜ் செலக்டரை 240இல் வையுங்கள். முதல் தடவை 60 வாட் இழை பல்பை ரேடியோவின் மெயின்ஸ் வயரோடு தொடரில் இணைத்துப் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்திலேயே நின்றால் எங்கோ ஷார்ட்.

டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஏசி/டிசி செட்டாக இருந்தால் சேஸியிலேயே (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) மெயின்ஸ் கரண்ட் இருக்கும். அதில் பாட்டுக் கேட்க ஃபோனை இணைக்கவே கூடாது.