பெட்டி இரண்டு, முகவரி மாற்றுவது ஒன்றாக இருக்கட்டும்
(வாசகர் கேள்வி – பதில்)

ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டிக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ரவுட்டர் மாட்டியிருக்கிறேன். நெட் வருகிறது. ஆனால் சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை. பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்கிறார்கள். எப்படி?
– வாசகர், மடிப்பாக்கம்

எதையும் மாற்றும் முன் பெட்டியின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி (வெளி இணையத்தை நோக்கிய முகவரி) என்னவென்று பாருங்கள். 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், நிறுவனமே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அப்போது பிரிட்ஜ் செய்தாலும் கேமரா தெரியாது. ஸ்டேட்டிக் ஐபி கேட்டு வாங்குவதுதான் வழி.

பொது முகவரியாக இருந்தால் சிக்கல் வீட்டுக்குள்தான். பெட்டி, ரவுட்டர் இரண்டுமே நேட் (வீட்டு முகவரியைப் பொது முகவரியாக மாற்றுவது) செய்கின்றன. வெளியிலிருந்து வரும் பாக்கெட், ரவுட்டரைத் தொடுமுன்பே பெட்டியில் நின்றுவிடுகிறது. பிரிட்ஜ் மோடில் பெட்டி வெறும் பாலம். டயல் செய்வது (பயனர்பெயர் கொடுத்து இணைப்பைத் தொடங்குவது), நேட் இரண்டும் ரவுட்டருக்குப் போய்விடும்.

பிபிபிஓஇ (இப்படி டயல் செய்யும் முறை) பயனர்பெயர், பாஸ்வேர்டு, விலேன் எண் (ஒரே கேபிளில் ஓடும் தனித்தனி வலைகளைப் பிரிக்கும் எண்) மூன்றையும் இணைப்புக் கொடுத்தவரிடம் முதலில் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் பாஸ்வேர்டு புள்ளிகளாகத்தான் தெரியும். மாற்றிய பிறகு தேடினால் கிடைக்காது. வேன் பக்கத்தை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பிறகு இணையத்துக்கான வேன் வரியில் மட்டும் ‘ரூட்’ என்பதை ‘பிரிட்ஜ்’ ஆக்கி, விலேன் எண்ணை அப்படியே விட்டு, பெட்டியின் லேன் 1 போர்ட்டுடன் இணைத்துச் சேமியுங்கள். தொலைபேசிக்கும், தொலைநிலை நிர்வாகத்துக்கும் தனித்தனி வரிகள் இருக்கும். அவற்றை அழித்தால் லேண்ட்லைன் செத்துவிடும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

லேன் 1-இலிருந்து கேபிளை ரவுட்டரின் வேன் போர்ட்டில் செருகுங்கள். இணைப்பு வகை பிபிபிஓஇ, எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1492. ஈதர்நெட்டின் 1500 பைட்டில் 8 பைட்டை பிபிபிஓஇ தலைப்பு எடுத்துக்கொள்வதால் இந்தக் கணக்கு. 1500 என்றே விட்டால் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் தொங்கும். பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால், மோதாமல் இருக்க ரவுட்டரின் லேன் முகவரி 192.168.2.1 ஆக இருக்கட்டும்.

டயல் ஆகவில்லையா? பதிலே வராவிட்டால் தப்பு பெரும்பாலும் விலேனில். பெட்டி ஏற்கெனவே டேக் போடுகிறது (விலேன் எண்ணை ஒட்டுகிறது) என்றால் ரவுட்டரிலும் போடக் கூடாது. பதில் வந்து மறுத்தால் பாஸ்வேர்டு தவறு, அல்லது பழைய செஷன் இன்னும் திறந்திருக்கிறது, அல்லது நிறுவனம் பழைய மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்) கட்டி வைத்திருக்கிறது. இரண்டு பெட்டிகளையும் 10 நிமிடம் அணைத்துப் பாருங்கள். பிறகும் வராவிட்டால் மேக்கை விடுவிக்கச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள்: கேமரா பெட்டியின் போர்ட்டை நேராக வெளியே திறந்து வைக்காதீர்கள். ரவுட்டரில் விபிஎன் வசதி இருந்தால் அதன் வழியாகவே பாருங்கள்.

அம்பத்தூரில் சிறிய பட்டறை. அலுவலகம், பட்டறை இரண்டுக்கும் தனித்தனி விலேன். கணினிகளுக்கு ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர் அலுவலகப் பக்கம் இருக்கிறது. பட்டறை கணினிகளுக்கு ஐபி கிடைக்கவில்லை. ரிலே போட்டும் அதே கதை.
– வாசகி, கொரட்டூர்

ஐபி கேட்கும் கணினி ‘யாராவது கொடுங்கள்’ என்று பிராட்காஸ்ட்டாகக் கூவும். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. ரிலே அதை வாங்கி, கேள்வி வந்த இன்டர்ஃபேஸின் ஐபியை உள்ளே எழுதி, சர்வருக்கு நேரடியாக யுடிபி 67-க்கு அனுப்பும். அந்த ஐபியைப் பார்த்துத்தான் எந்த வரிசையிலிருந்து கொடுப்பது என்று சர்வர் முடிவு செய்கிறது.

ஆகவே ரிலேயை பட்டறை விலேன் இன்டர்ஃபேஸில் போட வேண்டும், சர்வர் இருக்கும் பக்கத்தில் அல்ல. சர்வரில் பட்டறைக்கென்று தனி ஸ்கோப் (கொடுக்க வேண்டிய ஐபி வரிசை) இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அது பேசாமல் இருந்துவிடும். சர்வரின் பதில் பட்டறை இன்டர்ஃபேஸின் ஐபிக்குத் திரும்பிப் போகவும் வழி (ரூட்) வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள்: கேள்வி போய்ச் சேரும், பதில் திரும்பாது.