பெயின்ட் உரிகிறதா? முதலில் பாகங்களைக் கழுவுங்கள்

கேள்வி: 1/72 அளவு (அசலில் 72-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் விமான மாடல் கிட் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். மாஸ்கிங் டேப்பை எடுத்தால் பெயின்ட்டும் சேர்ந்து உரிகிறது. பாகங்களைக் கையால் முறுக்கிப் பிய்த்த இடங்களில் வெள்ளைத் தழும்பு. இறக்கை விளிம்பு நெடுக மெல்லிய கோடு வேறு. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவர், மண்டபம்

பதில்: பெயின்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். பாகங்கள் அச்சில் ஒட்டாமல் வரப் பூசும் மசகு சில கிட்களில் பிளாஸ்டிக் மேலேயே தங்கிவிடும். விரல் பிசுக்கும், உங்கள் ஊர் உப்புக்காற்றும் சேர்ந்தால் பெயின்ட் எப்படிப் பிடிக்கும்? பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை வெட்டும் முன்பே வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். கொதிநீர் கூடாது, பாகம் வளைந்துவிடும். கடைசி அலசலுக்கு கேன் தண்ணீர்தான் நல்லது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். நிழலில் உலரட்டும்.

அப்புறம், முறுக்கிப் பிய்க்கவே பிய்க்காதீர்கள். பிளாஸ்டிக் இழுபட்டதால் வந்ததுதான் அந்த வெள்ளைத் தழும்பு. நிப்பரால் (சிறு வெட்டுக் குறடு) பாகத்தைவிட்டு 2 மி.மீ. தள்ளி முதலில் வெட்டுங்கள். மிச்சத்தை இரண்டாவது வெட்டில் எடுத்து, உப்புத்தாளால் சமன் செய்யுங்கள். இப்போதுள்ள தழும்பு வெறும் நிறமாற்றம் என்றால் பெயின்ட்டில் மறைந்துவிடும். குழி விழுந்திருந்தால் புட்டி வையுங்கள்.

விளிம்புக் கோடு, அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் வருவது. உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்து விமானங்களைப் பார்த்திருப்பீர்கள். எந்த இறக்கையின் முன்விளிம்பிலும் இப்படியொரு மேடு இருக்காது. அதனால் இதற்கு நேரம் கொடுங்கள். கத்தி அலகைச் செங்குத்தாகப் பிடித்து, வெட்டாமல் சுரண்டிக்கொண்டே போங்கள். சன்னமான சுருள் வரும். வளைவு தட்டையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 600, அடுத்து 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி பறக்காது. நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டக் கூடாது.

விமானியறைக் கண்ணாடியை மட்டும் தேய்க்காதீர்கள். அதற்கு இன்ஸ்டன்ட் பசையும் ஆகாது, ஆவி பட்டு மங்கிவிடும்; வெள்ளைப் பசை போதும்.

உரிந்த பெயின்ட்டை நெயில்பாலிஷ் ரிமூவரால் துடைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அசிட்டோன் உள்ளது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். உரிந்த ஓரங்களை 1000 தாளால் மட்டமாக்கி, மறுபடி கழுவிக் காயவைத்து, பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கை அடித்துவிட்டு நிறத்துக்குப் போங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், லேக்கர் வகை பெயின்ட் வெளுத்துப்போகும்.